ஒரு எபிசோடுக்கு ஆறு கோபம்

"நாலுதான் வருது."

எடிட்டர் ஸ்கிரிப்டைச் சிவப்புப் பேனாவால் தட்டிக்கொண்டே விரல்விட்டு எண்ணுகிறார். "மேயரைத் திட்டறது ஒண்ணு. இன்ஜினியரைத் திட்டறது ஒண்ணு. குழாய் பதிச்ச கான்ட்ராக்டரை ரெண்டு. இன்னும் ரெண்டு வேணுமே! யாராவது பாக்கி இருக்காங்களா?"

வீடியோவை வெட்டி ஒட்டுகிற பெண் காதிலிருந்த ஹெட்போனைக்கூட எடுக்காமல், "தண்ணியைத் திட்டுங்க சார்," என்கிறாள். கேலிக்குச் சொன்னதுதான். எடிட்டர் அதையும் எழுதிக்கொள்கிறார். ஐந்தாயிற்று. ஆறாவதுக்கு யார்? கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, வீடியோவைப் பார்க்கப்போகும் ஜனங்களையே திட்டிவிடுவது என்று முடிவு செய்கிறார். ஜனங்களைத் திட்டினால் ஜனங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அது அவருடைய ஆறு வருட அனுபவம்.

இந்த எண்ணிக்கை எதற்கு என்று கேட்கலாம். 'உறைக்குதா?' என்பது அவர் நடத்துகிற வெப்சைட்டின் பெயர். அதே பெயரில் வீடியோ சேனலும் உண்டு. யாருக்கும் அடங்காத ஆள் என்று பெயர் வாங்கியவர். கேமராவைப் பார்த்து, பெரிய மனிதர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார், கோபம் தலைக்கேறிக் கெட்ட வார்த்தை சொல்வார், கடைசியில் விரலை நீட்டி, "உறைக்குதா?" என்பார். முன்பெல்லாம் கெட்ட வார்த்தை வரும் இடத்தை 'பீப்' என்று ஒரு சத்தம் மூடும். பதினோரு மாதமாக அந்த இடத்தில் ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் ஹாரன் கூவுகிறது. அந்த ஸ்கூட்டர் கம்பெனிதான் சேனலின் பெரிய விளம்பரதாரர். ஒப்பந்தத்தில் பளிச்சென்று எழுதியிருக்கிறது: ஒரு எபிசோடுக்குக் குறைந்தது ஆறு ஹாரன்.

ஆக, நாட்டில் என்ன நடந்தாலும் சரி, எடிட்டருக்கு ஆறு தடவை கோபம் வந்தாக வேண்டும். நல்லது நடக்கிற நாட்களில்தான் மனுஷன் படாத பாடு படுவார். ஒரு தடவை ஏழைகளுக்குச் சாதகமாக ஒரு தீர்ப்பு வந்து தொலைத்துவிட்டது. யாரைத் திட்டுவது? கோர்ட்டில் லிப்ட் மெதுவாகப் போனதை வைத்து மூன்று ஹாரன், கேன்டீன் டீ ஆறிப்போயிருந்ததை வைத்து மூன்று ஹாரன் என்று ஒருவழியாக ஒப்பேற்றினார். அந்த வாரம் கம்பெனியிலிருந்து பூங்கொத்து வந்தது. ஆபீசில் அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆபீஸ் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு ஒடுக்கமான மாடிப்படி, ஏறவும் இறங்கவும் அது ஒன்றே வழி. எடிட்டரின் நாற்காலிக்குப் பின்னால் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. 'எங்கள் நெறிகள்' என்று தலைப்பு. முதல் நெறி: யாரிடமும் பரிசு வாங்க மாட்டோம். சத்தியமான வார்த்தை. அந்த அறையிலிருக்கும் சோபா பரிசு இல்லை. சோபா கம்பெனி டெஸ்டிங்குக்குக் கொடுத்தது. காபி மெஷின் டெஸ்டிங். ஏசி டெஸ்டிங். சட்டம்கூட ஒரு போட்டோ பிரேம் கம்பெனி டெஸ்டிங்குக்குக் கொடுத்ததுதான். மாடிப்படிக்குக் கீழே சார்ஜில் நிற்கிற வெள்ளை ஸ்கூட்டரும் டெஸ்டிங். அந்த டெஸ்ட் ஆரம்பித்துப் பதினோரு மாதம் ஆகிறது. இன்னும் ரிசல்ட் வரவில்லை.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்: "இந்த வீட்ல டெஸ்டிங்ல இல்லாத ஒரே பொருள் நான்தாங்க. என்னை மட்டும்தான் இவர் சொந்தமா கொண்டு வந்தாரு."

எடிட்டருக்கு ஒரே மாதிரி கறுப்பு டீஷர்ட் பதினாலு இருக்கிறது. போராளிக்கு உடையில் கவனம் இருக்கக் கூடாது என்பது கொள்கை. பதினாலும் இஸ்திரி போட்டுத்தான் இருக்கும்.

இன்னொரு பழக்கம், சாம்பல் நிறம். காசு வாங்கிக்கொண்டு போடுகிற கட்டுரையின் அடியில் 'விளம்பரதாரர் ஆதரவுடன்' என்று ஒரு வரி போட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியை மீறுகிற ஆளா அவர்? கட்டாயம் போடுவார். வெள்ளைப் பக்கத்தில் எந்தச் சாம்பல் நிறத்தில் போடுவது என்பதை மட்டும் தானே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். "இது தெரியுதா?" என்று வீடியோப் பெண்ணைக் கேட்பார். "லேசா தெரியுது சார்." "அப்ப இன்னும் கொஞ்சம் வெளுக்கணும்." திரும்பக் கேட்பார். "இப்ப?" "எங்க சார் இருக்கு?" "ம், இது சரி." கீழே கண்ணாடிக் கடையில் கண் டெஸ்ட் பண்ணுகிற பலகையின் கடைசி வரிக்கும் கீழே அதை வைக்கலாம். எத்தனையோ பேருக்குக் கண்ணாடி விற்றுப்போகும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவருடைய இடது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அது டெஸ்டிங் இல்லை, சொந்தம். ஆறு வருடத்துக்கு முன்னால் பிரேக் பிடிக்காத பஸ்ஸில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன ஒரு கான்ட்ராக்டரை, கையில் ஒரு போனை மட்டும் வைத்துக்கொண்டு ஒண்டியாகத் துரத்திப் படம் எடுத்தார். கான்ட்ராக்டரின் ஆட்கள் அடித்த அடியில் புருவம் கிழிந்தது. ரத்தம் வழிய வழிய நின்று பேசினார். அந்த வீடியோவில் ஹாரன் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. "இதுல ஏறுற குழந்தைங்க யாரோடது?" என்று திரும்பத் திரும்ப ஒரே கேள்விதான். பஸ் நின்றது. அன்றைக்கு அவர் நிஜமாகவே பயப்படவில்லை. இன்றைக்கும் அதைப் பார்த்தால் கண் கலங்கும், பார்க்கிறவர்களுக்கும், அவருக்கும்.

அதிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதிரில் யார் போனைத் தூக்கினாலும் சரி, கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் சரி, டீஷர்ட்டைக் கீழே இழுத்துவிட்டு, முகத்தை லேசாக வலப்பக்கம் திருப்புவார். தழும்பில் வெளிச்சம் விழ வேண்டும். யோசித்துச் செய்கிறது இல்லை. கொசு உட்கார்ந்தால் கை போகிறதல்லவா, அந்த மாதிரி.

சேனலின் விளம்பர மேனேஜர் அவரோடு கல்லூரியில் படித்தவன். இன்னமும் அவரை "மச்சி" என்றுதான் கூப்பிடுவான். அவன் அகராதியில் விளம்பரம் என்ற வார்த்தையே கிடையாது, 'கூட்டுப் பயணம்'. காசு வாங்கிக்கொண்டு புகழ்வது 'கதை சொல்றது'. ஒரு செய்தியைப் போடாமல் விடுவது 'டைமிங் பாக்கிறது'. "மச்சி, நாம யாருக்கும் அடிமை இல்ல," என்று அடிக்கடி சொல்வான். சொல்லிவிட்டு யாருக்கோ போன் பண்ணி, "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்," என்று எழுந்து நின்று பேசுவான்.

இந்த இருவருக்கும் நடுவில் ஒரு மனுஷி வேலை பார்க்கிறார். ஆபீசே அவரை 'நிருபர் அக்கா' என்று கூப்பிடுகிறது. ஐம்பதை நெருங்கும் வயது. இருபது வருடம் அச்சுப் பத்திரிகையில் இருந்தவர். அங்கே விளம்பரப் பிரிவுக்காரர் செய்திப் பிரிவுக்குள் வந்தால் எல்லோரும் தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்களாம், ஆம்பளைங்க கழிப்பறைக்குள்ள பொம்பளை வந்த மாதிரி. அந்தப் பத்திரிகை மூடின பிறகு இங்கே வந்தார். எடிட்டரைவிடப் பத்து வயது மூத்தவர். நாலு பேர் முன்னால் "சார்" என்பார். கோபம் வந்தால் "தம்பி" என்பார். அவர் "தம்பி" என்று ஆரம்பித்தால் எடிட்டரின் கை தானாகப் போனைத் தேடும்.

போன வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு நிருபர் அக்கா ஒரு கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுவந்து எடிட்டர் மேஜையில் வைத்தார். தலைப்பைப் பார்த்ததுமே எடிட்டர் கதவைச் சாத்தினார்.

விஷயம் ஸ்கூட்டரைப் பற்றியது. ஆறு வாரத்தில் மூன்று ஸ்கூட்டர்கள் சார்ஜில் நிற்கும்போதே தீப்பிடித்திருக்கின்றன. எல்லாமே ஹாரன் கம்பெனியின் வண்டி. மூன்றாவது தீ ஒரு தையற்கடையில். கடை முழுக்கத் துணி, நிமிஷத்தில் போய்விட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தையற்காரரின் அம்மாவை வெளியே இழுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டு கையும் வெந்துபோய்விட்டது. கம்பெனிக்காரர்கள் மறுநாளே வந்து, வாயைத் திறக்க மாட்டோம் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் புது ஸ்கூட்டர் தருவார்களாம். வண்டியால் அம்மா கை வெந்துபோனவனுக்கு அதே வண்டி இன்னொன்று!

அத்தோடு போகவில்லை. சர்வீஸ் சென்டர்களுக்குக் கம்பெனி ஒரு உத்தரவு அனுப்பியிருக்கிறது. அதன் நகல் அக்காவிடம் இருந்தது. 'வீட்டுக்குள் சார்ஜ் போட வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் வாயால் மட்டும் சொல்லவும். எழுத்தில் எதுவும் தரக் கூடாது.'

எடிட்டர் முதல் பக்கத்தைப் படித்தபோது அவர் கண்ணில் அந்தப் பழைய பஸ் துரத்தின வெறி வந்தது. நிஜமாகவே வந்தது. "அட்டகாசம் அக்கா! தோல உரிச்சுட்டீங்க. எவன் கேட்டாலும் விடக் கூடாது இதை," என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இரண்டாவது பக்கத்தைத் திருப்பினார். அதில் தையற்காரர் சொன்னது இருந்தது.

'எதுக்கு உள்ள சார்ஜ் போட்டீங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. "உறைக்குதா?" சேனல்ல அந்த சாரே சொன்னாருங்க, போனை எங்க சார்ஜ் போடறீங்களோ அங்கேயே இதையும் போடலாம்னு. யாருக்கும் பயப்படாத மனுஷன், பொய்யா சொல்லுவாருன்னு போட்டேன்.'

எடிட்டர் உட்கார்ந்தார். அந்த வசனத்தை அவருக்குக் கம்பெனி எழுதிக் கொடுக்கவில்லை. கம்பெனி கொடுத்தது வேறு ஏதோ மொக்கை வரி. இவரே அதை அடித்துவிட்டு, தன் கையால், தன் மொழியில் எழுதியது இது. கட்டிலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, போர்வை போர்த்திவிட்டு, குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி சீட்டைத் தட்டி நடித்தும் காட்டினார். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இந்தப் பேரா வேணாமே," என்றார்.

"எந்தப் பேரா சார்?"

"தையற்காரர் பேசறது. கதைக்குத் தேவையில்ல. நீளமா இருக்கு."

"மூணு வரிதான் சார்."

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்பெனியிடம் விளக்கம் கேட்டீர்களா என்றார். நாலு தடவை கேட்டாயிற்று, பதில் இல்லை என்றார் அக்கா. வக்கீலிடம் காட்ட வேண்டும் என்றார். காட்டியாயிற்று, தாராளமாகப் போடலாம் என்று வக்கீல் எழுதியே கொடுத்திருக்கிறார் என்று அக்கா இன்னொரு தாளை நீட்டினார். மனுஷி ஓட்டை எதுவும் வைக்கவில்லை. எடிட்டர் மேஜை மேலிருந்த பேப்பர்வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். கடைசியில் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தது.

"விஷுவல் இல்லையே அக்கா."

"போட்டோ எட்டு இருக்கு சார்."

"அதெல்லாம் எரிஞ்ச பிறகு எடுத்தது. கரிக்கட்டை. யார் வேணா எதை வேணா எரிச்சிருக்கலாம்னு சொல்லிடுவான். நம்ம ஆளுங்களுக்குக் கண்ணால பாக்கணும். இந்த வண்டியப் பாத்து ஒரு மனுஷன் பயந்து நிக்கிறான், விலகி ஓடறான், அந்த மாதிரி ஒண்ணு கொண்டு வாங்க. ஒரே ஒரு ஷாட். இன்னிக்கே போடறேன். என் தலையில அடிச்சு சத்தியம் பண்றேன்."

நிருபர் அக்கா தாள்களை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டார். "சத்தியம் வேணாம் சார்," என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு விளம்பர மேனேஜர் வந்தான். எடிட்டர் கதவைத் திரும்பச் சாத்தினார். என்ன பேசினார்கள் என்பது வெளியே கேட்கவில்லை. மேனேஜர் போனில் இரண்டு தடவை எழுந்து நின்று "சொல்லுங்க சார்" என்றது மட்டும் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். மேனேஜர் முகத்தில் மாப்பிள்ளைக் களை.

"எல்லாரும் கேளுங்க," என்றார் எடிட்டர். "அக்கா ஒரு பிரமாதமான விஷயத்தைக் கையில எடுத்திருக்காங்க. பேட்டரி பாதுகாப்பு. இதை நாம சும்மா விடப் போறதில்ல. இன்னிக்கே, மூணு மணிக்கே ஷூட் பண்றோம். தலைப்பு, 'சார்ஜ் போடும்போது நீங்க செய்யற அஞ்சு தப்பு'."

"யார் செய்யற தப்பு?" என்றார் அக்கா.

"நாம. ஜனங்க. ஜனங்களுக்கு ஒரு விழிப்புணர்வே இல்லக்கா. ஒரு வண்டிய எப்படி வெச்சுக்கணும்னு தெரியாது. நல்லா கிழிக்கப் போறேன். ஆறு இல்ல, ஒம்போது ஹாரன் வருது!"

"இதுக்குக் கம்பெனியே சப்போர்ட் பண்றாங்க," என்று மேனேஜர் பெருமையாகச் சேர்த்துக்கொண்டான். "பாருங்க, எவ்வளவு நேர்மையான பிராண்டு! பாதுகாப்புன்னதும் உடனே சரின்னுட்டாங்க."

நிருபர் அக்கா கையிலிருந்த தாள்களை மேஜை மேல் வைத்தார்.

"தம்பி."

வீடியோப் பெண் ஹெட்போனைக் கழற்றினாள்.

"அந்த அம்மாவுக்கு ரெண்டு கையும் வெந்து கிடக்கு. அவங்களே சோறு எடுத்துச் சாப்பிட முடியல, மகன் ஊட்டறான். அது உங்க அஞ்சு தப்புல எத்தனாவது தப்பு?"

எடிட்டர் வாயைத் துடைத்துக்கொண்டார். ஒரு எபிசோடுக்கு ஆறு தடவை ஊரையே கேள்வி கேட்கிற வாய் அது. "நான்தான் சொன்னேனேக்கா," என்று மழுப்பினார். "விஷுவல் கொண்டு வாங்க, உங்க ஸ்டோரி போடறேன். வேணாம்னு யார் சொன்னது? இது வேற, அது வேற." சொல்லிவிட்டு, ஏதோ அவசர வேலை நினைவுக்கு வந்த மாதிரி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனார்.

அவசர வேலை இருக்கத்தான் செய்தது. தங்கச்சி வீட்டில் அதே ஸ்கூட்டர் நிற்கிறது. அண்ணன் சொன்னால் சரியாக இருக்கும் என்று வாங்கியது.

போன் நாலாவது தடவை அடித்ததும் தங்கச்சி எடுத்தாள். "என்ன அண்ணா, இந்நேரத்துல?"

"வண்டி எங்க இருக்கு?"

"ஹால்லதான். உன் மாப்பிள்ளை காலை ஷிப்ட் முடிச்சுட்டு இப்பதான் வந்து சார்ஜ் போட்டாரு. ஏன்?"

பின்னால் இரண்டு குழந்தைகள் எதற்கோ அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. எடிட்டர் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "பசங்க ஸ்கூல் போகல?"

"இன்னிக்கு அரை நாள். அங்கேதான் தரையில உட்கார்ந்து வரைஞ்சுட்டு இருக்குதுங்க."

"ப்ளக்கைப் பிடுங்கு. போனை வைக்காத. இப்பவே போய்ப் பிடுங்கு."

அவள் போனாள். வந்தாள். "பிடுங்கியாச்சு. என்ன அண்ணா, பயமா இருக்கே. வண்டியில ஏதாவது கோளாறா?"

"சேச்சே, கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரு... டெஸ்டிங். ரெண்டு வாரம் சார்ஜ் போடாம இருக்கணும். வண்டியத் தள்ளிட்டுப் போய் வெளிய, வெட்டவெளியில நிறுத்தச் சொல்லு மாப்பிள்ளைய. திருட்டுப் போனா போகட்டும், நான் வேற வாங்கித் தரேன்."

"சரிண்ணா. அப்ப எதிர் வீட்ல சொல்லிடறேன். அவங்களும் உன் வீடியோ பாத்துட்டுதான் போன மாசம் இதையே வாங்கினாங்க. அவங்களும் உள்ளதான் போடறாங்க, கைக்குழந்தை வேற."

எடிட்டர் கண்ணை மூடிக்கொண்டார். எதிர் வீட்டுக்குச் சொன்னால் அந்த வீடு இன்னொரு வீட்டுக்குச் சொல்லும். சாயங்காலத்துக்குள் கம்பெனிக்குத் தெரியும். யார் முதலில் சொன்னது என்று கேட்பார்கள். ஹாரன் நின்றுவிடும். சம்பளம், வாடகை, அந்த ஏசி, பதினாலு டீஷர்ட், எல்லாம் ஒரு நொடியில் கண்ணுக்குள் வந்து போனது. கைக்குழந்தையும் வந்தது. அதுவும் போனது.

"வேணாம்," என்றார். "யார்கிட்டயும் சொல்லாத. அவங்க வண்டி வேற மாடல். இது நம்ம வண்டிக்கு மட்டும்தான்."

"ஒரே மாதிரிதானேண்ணா இருக்கு?"

"நான் சொல்றேன்ல!"

அவருடைய குரலைக் கேட்டுத் தங்கச்சி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு விஷயம் சொன்னால் அதில் காரணம் இருக்கும் என்று நம்புகிறவள் அவள். அவளைப் போல நாட்டில் முப்பது லட்சம் பேர் அந்தச் சேனலுக்குச் சந்தாதாரர்கள்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு எடிட்டர் நிமிர்ந்தார். அப்போதுதான் அவருக்கு மூக்குக்குக் கீழே இருப்பது தெரிந்தது. அவர் நின்றுகொண்டிருந்த படிக்கு நேர் கீழே, வெள்ளை ஸ்கூட்டர் சார்ஜில் நின்றது. பச்சை விளக்கு சாதுவாக எரிந்தது. மேலே ஏழு பேர். வழி இது ஒன்றுதான்.

மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் இறங்கினார். கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு ப்ளக்கைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் முழு நீளத்துக்கு நீட்டி, முகத்தை முடிந்தவரை பின்னால் இழுத்துக்கொண்டு வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். நாறுகிற குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர் மாதிரி இருந்தது.

வாட்ச்மேன் காம்பவுண்ட் சுவர் ஓரமாக, மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வயசான மனுஷன். பதறி எழுந்து ஓடிவந்தார். "ஏன் சார் தள்றீங்க? சாவி போட்டா அதுவா போகுமே! குடுங்க, நான் ஓட்டிட்டு வரேன்."

"தொடாதீங்க! வேணாம், நானே தள்றேன்."

"எங்க சார்?"

எடிட்டர் முற்றத்தைச் சுற்றிலும் பார்த்தார். கட்டடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். தன்னுடைய காருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். ஆக, தூரமான இடம் சுவர் ஓரம்தான், வாட்ச்மேனின் நாற்காலிக்குப் பக்கத்தில். அங்கே, மர நிழலுக்குச் சற்று வெளியே, கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு ஓடிப்போய்க் காரை எடுத்து, முற்றத்தின் இன்னொரு மூலைக்கு நகர்த்தினார். நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை.

"வெயில்ல நிக்குது சார். நிழலுக்குத் தள்ளவா?" என்றார் வாட்ச்மேன், மரியாதையாக.

"நிக்கட்டும். நீங்க கிட்டப் போகாதீங்க. ஏதாவது புகை கிகை வந்தா கூப்பிடுங்க."

"புகையா?"

"சும்மா சொல்றேன். ஒரு டெஸ்டிங்."

மேலே மூன்று மணி ஷூட்டுக்கு விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். ஜன்னல் வழியாக வெள்ளை வெளிச்சம் தெரிந்தது. வீடியோப் பெண் ஹாரன் சத்தத்தைச் சரிபார்க்க ஒரு தடவை அடித்துப் பார்த்தாள். முற்றம் வரைக்கும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கே எடிட்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது, ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அது பாட்டுக்கு நின்றது.

படி ஏறப் போனவர் ஏறவில்லை. படிக்கட்டு மூலையில், கட்டடம் கட்டின நாளிலிருந்து யாரும் தொடாமல், ஒரு சிவப்பு மணல் வாளி இருந்தது. உள்ளே மணலோடு பாக்குக் காகிதமும் சிகரெட் துண்டும் கிடந்தன. எடிட்டர் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டார். வாளியை இரண்டு கையாலும் தூக்கினார். நல்ல கனம். தொடையில் இடிக்க இடிக்க, மூச்சு வாங்க, முற்றத்தைக் கடந்து எடுத்துக்கொண்டு போனார். ஸ்கூட்டருக்கு மூன்று முழம் இருக்கும்போதே நின்றுவிட்டார். அங்கேயே வாளியை வைத்து, காலால் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வண்டிக்குப் பக்கத்தில் தள்ளினார். தள்ளிவிட்டு நாலடி பின்னால் குதித்தார்.

அப்போது மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தார். நிருபர் அக்கா நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறாரோ தெரியாது. இரண்டு கையாலும் போனைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவரையும் வண்டியையும் வாளியையும் ஒன்றாகச் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எடிட்டர் டீஷர்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, முகத்தை லேசாக வலப்பக்கம் திருப்பினார்.